வந்து சேராத ரீல்

சண்டைப் படம் போட்டால் நான் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவேன். வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும். கத்தி, ஈட்டி, ரத்தம் எதுவும் எனக்கு ஆகாது. என் மகளுக்குப் பதினோரு வயது. அவள் கையில் கத்திரிக்கோல் இருந்தால்கூட, முனை எந்தப் பக்கம் இருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். "அம்மாவுக்கு எல்லாத்துக்கும் பயம்" என்று அவள் தோழிகளிடம் சொல்லிச் சிரிப்பாள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் என்னை ஒரு படத்துக்கு இழுத்துப் போனாள். பழைய படத்தைப் புதிதாகக் கழுவி மெருகேற்றி மறுபடி திரையிடுகிறார்கள் அல்லவா, அப்படி ஒன்று. மாயாஜாலமும் வாள் சண்டையும் கலந்தது. தெலுங்கிலிருந்து தமிழுக்கு வந்தது. போஸ்டரைப் பார்த்ததும் முடியாது என்றேன். "அப்ப நான் ஃப்ரெண்ட்ஸோட போறேன்" என்றாள். தனியாக அனுப்பப் பயந்து நானும் போனேன். அந்த இருட்டில் நான் பார்த்ததை என் வயதுக்காரர்களான உங்களிடம் சொன்னால்தான் புரியும். ஒரே பிரிண்ட்டை இரண்டு ஊர்த் தியேட்டர்கள் பங்கு போட்டு ஓட்டிய காலம் உங்களுக்குத்தானே தெரியும்?

அப்போது நாங்கள் மதுரை வில்லாபுரத்தில் இருந்தோம். எங்கள் தெருமுனையில் ஞாயிற்றுக்கிழமை ஆடு உரிப்பார்கள். அதைக் கடக்கப் பயந்து நான் இரண்டு தெரு சுற்றி டியூஷனுக்குப் போவேன். அந்த வருஷம் முழுப் பரீட்சை முடிந்ததும் அம்மா என்னை வாடிப்பட்டிப் பக்கம் மாமா வீட்டில் கொண்டுபோய் விட்டாள். எனக்குப் பத்து வயது. மாமாவுக்கு ரோட்டோரமாக ஒரு அரிசி மில் இருந்தது. நெல் அவிக்கும் வாடை வீடு வரைக்கும் வரும். முதல் நாள் குமட்டும். மூன்றாம் நாள் அதுவே பசியைக் கிளப்பும்.

மாமா மகன் என்னைவிட இரண்டு வயது பெரியவன். முறைப்பையன் என்பதால் எல்லோர் முன்னாலும் என்னைக் கேலி செய்ய அவனுக்கு உரிமை இருந்தது.

"ஏ, பயந்தாங்கொள்ளி, மதுரைக்காரின்னு வெளிய சொல்லிராத. ஊருக்கே அசிங்கம்."

"போ மச்சான். உனக்கு மட்டும் பயமே கிடையாதாக்கும்."

"எனக்கா? எந்தப் பேய வேணும்னாலும் வரச்சொல்லு. ஒரு கை பாக்குறேன்."

மில் சுவரில் தியேட்டர் போஸ்டர் ஒட்ட மாமா இடம் கொடுத்திருந்தார். அதற்குப் பதிலாகப் படத்துக்குப் படம் வீட்டுக்கு பாஸ் வரும். அந்த வாரம் ஒட்டிய போஸ்டரில் கறுப்புப் பட்டு உடுத்திய ஒரு ராணி கையில் வேலோடு நின்றாள். அவள் காலடியில் நெஞ்சில் வேல் பாய்ந்த ஒருவன் கிடந்தான். நான் அந்தச் சுவர்ப் பக்கமே போகவில்லை. மாமா மகன் முதல் நாளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, இரண்டு நாள் சோற்றுத் தட்டின் முன்னால் வாள் வீசிக்கொண்டிருந்தான்.

மூன்றாம் நாள் மேட்னிக்கு அத்தை எங்கள் இருவரையும் கூட்டிப்போனாள். நான் வரமாட்டேன் என்று அழுதேன். "தனியா வீட்டுல உன்னைய யாருடி பாப்பா? வந்து என் மடியில படுத்துக்க" என்றாள் அத்தை. அப்படித்தான் படுத்தேன். அத்தையின் சேலையில் தவிட்டு வாசம் அடித்தது. காதையும் மூடிக்கொண்டேன். ஆனாலும் வாள்கள் மோதும் சத்தம் பெஞ்சுப் பலகை வழியாக முதுகில் ஏறியது.

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் மாமா மகன் என் விரல்களைப் பிரித்தான்.

"இத மட்டும் பாரு புள்ள. ராணி வாரா."

ராணியை நெருப்பில் தள்ளியிருந்தார்கள். அவள் நெருப்புக்குள்ளிருந்து நடந்து வந்தாள். ஒரு முடிகூடக் கருகவில்லை. அவளைத் தள்ளிவிட்ட படைவீரர்கள் வரிசையாகப் பின்னால் நகர்ந்தார்கள். அவள் வாயைத் திறந்து ஒரு சொல் பேசவில்லை. தன்னைப் பிடித்துத் தள்ளியவனின் கையை மட்டும் பார்த்தாள். அவன் தன் வாளால் தன் கையையே வெட்டிக்கொண்டான்.

நான் எழுந்து உட்கார்ந்தேன். தெருவையே சுற்றிக்கொண்டு போகிற எனக்கு, எல்லோரையும் பின்னால் நகர வைக்கிற ஒருத்தி கிடைத்துவிட்டாள். கதாநாயகனை எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. அதற்கப்புறம் ஒரு வெட்டுக்கும் நான் கண்ணை மூடவில்லை. தலை உருண்டபோது பெஞ்சில் ஏறி நின்றேன். அத்தை என்னைப் பிடித்து உட்கார வைத்தாள்.

பிறகு விளக்கு எரிந்தது. படம் நின்றுபோனது. ஆற்றுப்பக்கத்து ஊர்க் கொட்டகையில்தான் முதலில் ஓட்டுவார்கள். அங்கே ஓடி முடிந்த ரீல்களைப் பெட்டியில் போட்டு ஒருவர் சைக்கிளில் கொண்டுவருவார். பெட்டி வந்தால்தான் இங்கே மீதிப் படம். அன்று பெட்டி வரவில்லை. தரை டிக்கெட்டில் விசில் பறந்தது. ஒரு சோடா பாட்டில் திரைக்குக் கீழே உடைந்தது. இரண்டு பேர் பெஞ்சைத் தூக்கி எறிந்தார்கள். ஒருவர் பிளந்த மண்டையைத் துண்டால் அழுத்திக்கொண்டே மீதிப் படத்துக்காக உட்கார்ந்திருந்தார்.

பெட்டிக்காரர் வந்து சேர்ந்தபோது சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. நாற்பது வயதிருக்கும். கால் விரல்களில் செருப்பு வார் அறுத்த காயம். வாசலிலேயே தியேட்டர் மேனேஜர் அவரை அறைந்தார். "ஒரு ரீல் அறுந்துபோச்சுண்ணே, அங்க ஒட்டிக்கிட்டு இருக்காங்க. மத்ததக் கொண்டாந்துட்டேன்" என்று அவர் சொன்னது எங்கள் பெஞ்சு வரைக்கும் கேட்டது. ஆபரேட்டர் அந்த ரீலை விட்டுவிட்டு அடுத்ததைப் போட்டார். கூட்டத்துக்குப் படம் ஓடினால் போதும் என்றிருந்தது.

ஓடிய ரீலில் நாயகன் நிமிர்ந்து நிற்கிறான். ராணி வேலை எறிகிறாள். வேல் நெஞ்சில் பாய்கிறது. அவன் விழுகிறான். கோட்டையில் மூன்று முறை சங்கு ஊதுகிறது. மூன்றாவது சங்குக்கு அவன் எழுந்து வேலைப் பிடுங்கி அவளையே குத்துகிறான்.

வீட்டுக்கு நடந்து வரும்போது கேட்டேன். "எப்படி மச்சான் எந்திரிச்சான்? வேலு உள்ள எறங்கிருச்சே?"

அவன் ஒரு மாதிரியாகச் சிரித்தான். "வீரன்னா அப்படித்தான் புள்ள. எந்திரிப்பான்."

நான் நம்பினேன். பத்து வயது, நம்பினேன்.

இரண்டு நாள் கழித்து. மதியம். மில்லில் ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். களத்தில் அவித்த நெல் காய்ந்துகொண்டிருந்தது. மாமா வெளியூர் வியாபாரி ஒருவரோடு வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மாமா மகன் மூங்கில் கழி ஒன்றின் நுனியில் குத்தூசியைச் சணல் வைத்துக் கட்டிக்கொண்டு வந்தான். மூட்டையைப் பிரிக்காமல் உள்ளே குத்தி, பார்வைக்குக் கொஞ்சம் அரிசி எடுக்கிற இரும்பு அது. ஒரு சாண் நீளம், நுனி கூர், நடுவில் வாய்க்கால் போலக் குழி. குத்தி இழுத்தால் அந்தக் குழியில் அரிசி வரிசையாக உட்கார்ந்து வரும். எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கும்.

"நீதான் ராணி. எறிய வேணாம், ஓடியாந்து குத்து."

"வலிக்காது?"

"குத்து புள்ள. ஒண்ணும் ஆகாது. இந்தா, இங்க." அவன் நெஞ்சைத் தட்டிக் காட்டினான். டங்கென்று ஒரு சத்தம் கேட்டது. வெயிலுக்கு மில்லின் தகரக் கூரையில் அப்படிச் சத்தம் வரும். அதுதான் என்று நினைத்தேன்.

அத்தையின் கறுப்புச் சேலையை நான் சுற்றியிருந்தேன். ஓடினேன். காலடியில் நெல் வழுக்கியது. கழி ஒரு பக்கமாகத் திரும்பி அவனுடைய வலது மார்பில் இறங்கியது. மூட்டையில் இறங்குவது போலத்தான் இறங்கியது. முதலில் ஒரு சின்னத் தடை. பிறகு எதுவும் தடுக்கவில்லை.

அவன் கண்ணை அகல விரித்து உட்கார்ந்தான். பிறகு சாய்ந்தான். நான் கழியை இழுத்தேன். அரிசி உட்காரும் குழியில் ரத்தம் நிறைந்து, நுனியில் சொட்டி, நெல்லில் விழுந்தது.

நான் கத்தவில்லை. இரண்டு கையையும் குவித்து வாயில் வைத்துச் சங்கு ஊதினேன். ஒன்று. அவன் அசையவில்லை. இரண்டு. அவன் வாயோரம் நுரையாகச் சிவப்பு வந்தது. மூன்று ஊதிவிட்டு, எழுந்திருக்கட்டும் என்று தள்ளி நின்று இடம் விட்டேன். அவன் எழுந்து என்னைக் குத்த வேண்டும், அதுதான் கதை. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று எனக்குத் தெரியாது. இப்போதும் சில நாள் மகளை எழுப்பப் போகும்போது, அவள் கண் திறக்கும் வரை அதே போல் நின்றுகொண்டிருக்கிறேன்.

சைக்கிள் மணிச் சத்தம் கேட்டது. பெட்டிக்காரர் ரோட்டில் போகிற போக்கில் களத்தைப் பார்த்துவிட்டு இறங்கினார். சைக்கிளிலிருந்து படப்பெட்டியை அவிழ்த்து அங்கேயே போட்டார்.

"அத கீழ போடு பாப்பா. போடு."

நான் கழியை உமிக் குவியலுக்குள் செருகினேன். அவர் தன் துண்டைச் சுருட்டிக் காயத்தில் அழுத்தி, அவனைத் தூக்கிச் சைக்கிள் பாரில் தன் நெஞ்சோடு சாய்த்து வைத்துக்கொண்டார்.

"பின்னால ஏறு. துண்ட விடாம அமுக்கிப் பிடிச்சுக்க. விட்டேன்னா செத்துருவான்."

கேரியரில் உட்கார்ந்து அவர் இடுப்பைச் சுற்றிக் கையை நீட்டி அந்தத் துண்டை அழுத்திக்கொண்டிருந்தேன். கடைவீதி வழியாக அவர் மிதித்த வேகத்தில் ஆட்கள் சிதறி ஓடினார்கள். "எங்கயா போற, கண்ணு தெரியலையா?" என்று யாரோ கத்தினார். அவர் மிதிக்கிற மூச்சுக்கு நடுவில் "தாங்கு ராசா, தாங்கு ராசா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் அவனை உள்ளே தூக்கிப் போனார்கள். பெட்டிக்காரர் வெளியே குழாயடியில் கையைக் கழுவிக்கொண்டிருந்தபோது மாமா வந்தார். பின்னால் மில் சுமைகாரர்கள் ஐந்தாறு பேர். கையில் மூட்டை தூக்கும் கொக்கியோடே ஓடி வந்திருந்தார்கள்.

"இவன்தாண்ணே. சைக்கிள ஏத்திட்டான். கடைவீதியில பறந்து போனான், நானே பாத்தேன்" என்றார் ஒருவர்.

"நான் இடிக்கலண்ணே. புள்ளைங்க விளையாண்டதுல..."

"புள்ளைங்க மேலயாடா பழியப் போடுற?" மாமாவின் கை அவர் கழுத்துக்குப் போனது. பிறகு மாமா என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு. பெட்டிக்காரன்தான இடிச்சான்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நெருப்பிலிருந்து வந்த ராணியைப் பார்த்தது போல, என் வாய்ச் சொல்லுக்காக அத்தனை ஆம்பிளைகள் நின்றார்கள்.

"சொல்லு பாப்பா" என்றார் பெட்டிக்காரர். அவர் குரலில் பயமே இல்லை. நான் சொல்லிவிடுவேன் என்று நினைத்தார்.

நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். மாமா திரும்பவும் கேட்டார். திரும்பவும் ஆட்டினேன்.

அடி என்றால் நீங்கள் படத்தில் பார்க்கிற அடியை நினைக்காதீர்கள். அதில் ஒவ்வொன்றுக்கும் சத்தம் உண்டு. இங்கே சத்தம் குறைவு. மிதிக்கும்போது ஈரத்துணியைத் துவைப்பது போல இருந்தது. அவர் முதலில் முகத்தை மூடினார், பிறகு வயிற்றை, பிறகு எதை மூடுவதென்று தெரியாமல் கையை விரித்துவிட்டார். மாமா அவர் தலைமயிரைப் பிடித்துக் குழாய்த் திட்டில் இடித்தார். பல் ஒன்று தண்ணீரோடு ஓடி என் காலுக்குப் பக்கத்தில் நின்றது. அவர் எழுந்திருக்க வலது கையை ஊன்றினார். ஒரு சுமைகாரரின் கொக்கி அந்த உள்ளங்கையில் இறங்கியது. அப்போதுதான் அவர் கத்தினார். "அம்மா" என்று கத்தவில்லை. "பெட்டி அங்க கிடக்குண்ணே, பெட்டி அங்க கிடக்குண்ணே" என்று கத்தினார். மேட்னிக்கு நேரமாகிவிட்டிருந்தது.

கம்பவுண்டர் வந்து சத்தம் போட்ட பிறகுதான் விட்டார்கள்.

பையன் பிழைத்துக்கொள்வான் என்று டாக்டர் சொன்னதும் மாமா உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வந்தபோது முகம் வேறாக இருந்தது. ஒரு கை மட்டும் எதையோ இறுக்கி மூடியிருந்தது. நேராக மில்லுக்குப் போனார். களத்தில் கிடந்த படப்பெட்டியை உடைத்து, ரீல்களை உருவிப் போட்டு, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார். படச்சுருள் பொசுங்கிச் சுருண்டு, புழுப் போல நெளிந்து, கறுப்பாக உருகியது. அந்த நாற்றத்தில் நெல் வாடையே அமுங்கிப்போனது. நெருப்பில் ஒரு துண்டு மட்டும் எரியாமல் நெளிந்துகொண்டிருந்தது. அதில் சின்னச் சின்னதாக வரிசையாக ராணி நின்றாள். மகன் மேலிருக்கிற பாசத்தில் வந்த கோபம் என்றுதான் நான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

படம் அன்றோடு ஊரைவிட்டுப் போனது. அடுத்த வாரம் மாமா பெட்டிக்காரர் வீட்டுக்கு ஒரு மூட்டை அரிசி அனுப்பினார். மாலைக்குள் அது திரும்பி வந்துவிட்டது. தைத்த வாய் பிரிக்காமல் மில் வாசலில் நாலைந்து நாள் கிடந்தது. யாரும் அதை உள்ளே எடுக்கவில்லை. அம்மா வந்து என்னை வில்லாபுரத்துக்குக் கூட்டிப்போனாள். பிள்ளை பயந்துபோயிருக்கிறாள் என்று நெற்றியில் விபூதி பூசினார்கள். குத்தூசியைப் பற்றி யாருமே கேட்கவில்லை. மில்லில் புதிதாக ஒன்று வாங்கினார்கள்.

இனி போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். கண்ணை மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். ஆனால் ராணி நெருப்பிலிருந்து வந்தபோது என் கை தானாக இறங்கியது. உங்களிடம் மறைப்பதற்கில்லை, மயிர்க்கூச்செறிந்தது. இத்தனைக்குப் பிறகும் அவள் என்னைப் பெஞ்சில் ஏற்றிவிடுவாள் போலிருந்தது. மகள் விசிலடித்தாள். நான் தடுக்கவில்லை.

அப்புறம் வந்தது, நான் பார்க்காத ரீல். நாயகன் ஒரு கொல்லன் பட்டறைக்குப் போகிறான். கொல்லன் ஒரு இரும்புத் தகட்டைக் காய்ச்சி அடித்து, அவன் நெஞ்சில் வைத்துக் கட்டுகிறான். நாயகன் மேலே சட்டையைப் போடுகிறான். இடது பக்கத்தைத் தட்டிக் காட்டுகிறான். டங்.

தியேட்டர் முழுக்கக் கை தட்டியது. மகளையும் இழுத்துக்கொண்டு வெளியே வந்து, படிக்கட்டிலேயே நின்று கொட்டாம்பட்டிக்குப் போன் போட்டேன். மாமா மகன் அங்கேதான் மாட்டுத் தீவனக் கடை வைத்திருக்கிறான். அவனுக்குப் பேரன்கூடப் பிறந்துவிட்டான். ஸ்பீக்கரில் இருந்ததை நான் கவனிக்கவில்லை.

"மச்சான், அவன் உள்ள தகடு கட்டியிருக்கான்."

எந்தப் படம், யார் என்று அவன் கேட்கவில்லை. கடையில் யாரோ தவிடு அளக்கும் சத்தம் கேட்டது.

"நானும் கட்டியிருந்தேன் புள்ள. பால் பவுடர் டப்பா மூடி. இடப்பக்கம். முத நாளே பாத்துட்டேன்ல அந்த சீன. உனக்குச் சொல்லல. மூணாவது சங்குக்கு எந்திரிச்சு உன்னைய அலற விடலாம்னு இருந்தேன்."

"இம்புட்டு வருஷமா ஏன் சொல்லல?"

"சொல்லியிருக்கணும். அந்த மூடிய ஆஸ்பத்திரியில கழட்டி அப்பா கையிலதான் குடுத்தாங்க. சணலு கட்டி நெஞ்சுல மூடி இருந்தா எதுக்குன்னு அவருக்குத் தெரியாதா? அதப் பாத்துட்டுத்தான் போயிப் பெட்டியக் கொளுத்துனாரு. ஆள அடிச்சாச்சு. இனி எறங்கி வர முடியாதுல்ல."

படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். குத்தியதில் பாதி அவனுடையது என்று ஆயிற்று. மாமா கொளுத்தியது மாமாவோடு போயிற்று, அவர் இறந்து ஆறேழு வருஷம் ஆகிறது. குழாயடியில் தலையை ஆட்டியது மட்டும் எனக்கே மிச்சம் நின்றது.

மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்குப் பாதி கேட்டிருந்தது. மீதியைக் கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். பாப்கார்ன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, ஒன்றுகூட எடுக்காமல் கேட்டாள்.

"பொய் சொன்னியாம்மா?"

"வாயால சொல்லல."

"தலைய ஆட்டுனியா?"

"ஆட்டினேன்."

அவள் என் கையைப் பார்த்தாள். நான் கையை இழுத்துக்கொள்ளப் போனேன். விடாமல் பிடித்துக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அந்த அங்கிள் பேரு என்னம்மா?"

நான் யோசித்தேன். கால் விரல் காயம் நினைவிருந்தது, துண்டின் ஈரம் நினைவிருந்தது, "தாங்கு ராசா" என்ற குரல் நினைவிருந்தது. போனில் மாமா மகன் இன்னும் இருந்தான்.

"மச்சான், அவர் பேரு என்ன?"

"யாரு?"

"பெட்டிக்காரர்."

தவிடு அளப்பது நின்றது. யாரையோ விலகி நிற்கச் சொன்னான்.

"பெட்டிக்காரன்னுதான புள்ள கூப்பிடுவோம்."

மகள் இன்னும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.